பன்னிரண்டுக்குப் பதினொன்று

அந்தத் தாளை இன்னும் கைப்பையில்தான் வைத்திருக்கிறேன். நாலாக மடித்து மடித்து ஓரமெல்லாம் நைந்துவிட்டது. பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் குழந்தைகள் பிரிவில், பெரியவனை மடியில் சாய்த்துக்கொண்டு காத்திருந்தபோது, வெள்ளைக் கோட்டு போட்ட மாணவி ஒருவர் வந்து, "மேடம், ஒரு சின்ன சர்வே. அஞ்சு நிமிஷம்தான் ஆகும்" என்று ஒரு படிவத்தைக் கொடுத்தார். குழந்தைகளின் பற்சொத்தை பற்றித் தாய்மார்களுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்ப்பதற்கான படிவம். பன்னிரண்டு கேள்விகள். ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை, தெரியாது என்று பக்கத்தில் மூன்று கட்டங்கள். முதல் கேள்வியே 'இனிப்புப் பண்டங்கள் பற்சொத்தையை உண்டாக்கும்' என்பதுதான். ஆம் என்று டிக் போட்டேன். 'பால் பற்களுக்கும் பராமரிப்பு அவசியம்.' ஆம். 'பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க விடுவது பற்களைக் கெடுக்கும்.' அதற்கும் ஆம். எழுதி முடித்துக் கொடுத்ததும், சரியான பதில்கள் அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் தந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஆசிரியை புத்தி சும்மா இருக்குமா, உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு நானே மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டுக்குப் பதினொன்று.

பதினொன்று வாங்கிய அதே நேரத்தில், மூன்றரை வயது மகன் வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டு என் மடியில் முனகிக்கொண்டிருந்தான். அவனுடைய மேல்வரிசை முன்பற்கள் நான்கும் சொத்தை. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் குழி. அந்தப் பதினொன்றும் இந்தப் பற்களும் ஒரே வீட்டில் எப்படி இருக்க முடியும் என்ற கேள்விதான் ஒரு வருடமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது.

அதற்கு முந்தைய பத்து நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு வீரிட்டு அழுதபடி எழுந்தான். காதுவலி என்று நினைத்துக் காதுக்கு மருந்து விட்டோம். மறுநாள் சாப்பிடும்போது ஒரு பக்கமாகவே மெல்வதைப் பார்த்த பிறகுதான் பல் என்று தெரிந்தது. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டி, பல்லில் பூச்சி இருக்கும், கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பூச்சி வெளியே விழும் என்றார். அருகில் இருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். "பால்பல்தானுங்க, எப்படியும் விழுந்து முளைக்கும். வலிச்சா இந்த சிரப் கொடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த சிரப்பும் தேன் மாதிரி இனித்தது. மூன்று நாள் கழித்துக் கன்னம் வீங்கிய பிறகுதான் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம்.

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தது

கல்லூரிக்குப் போவதற்கு முந்தைய இரவு, அவன் தூங்கிய பிறகு கைபேசி டார்ச்சை அடித்து மேல் உதட்டை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். பெற்றவள் நான், அன்றுவரை ஒருமுறைகூட அந்த உதட்டைத் தூக்கிப் பார்த்ததில்லை. தினமும் சிரிக்கிறான், பேசுகிறான், பல் தெரியத்தானே செய்கிறது என்று இருந்துவிட்டேன். சிரிக்கும்போது தெரிவது பல்லின் நுனிதான். ஈறை ஒட்டிய பகுதியை உதடு மறைத்துக்கொள்கிறது. சொத்தை தொடங்கும் இடமும் அதுதான். ஈறோரமாகப் பழுப்புக் கோடு ஓடி, நடுவில் இரண்டு பற்கள் காய்ந்த கரும்புச் சக்கையின் நிறத்தில் பொரிந்துபோயிருந்தன. கீழ்வரிசைக்கு வெளிச்சத்தை இறக்கினால், அங்கே முன்பற்கள் நான்கும் முல்லை அரும்பு மாதிரி ஒரு புள்ளி இல்லாமல் இருந்தன. ஒரே வாய், ஒரே சாப்பாடு. மேலே மட்டும் ஏன் இப்படி என்று புரியாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

காரணத்தை மறுநாள் தெரிந்துகொண்டேன். பாட்டிலைச் சப்பும்போது குழந்தையின் நாக்கு முன்னால் வந்து கீழ்ப் பற்களின் மேல் போர்வை மாதிரி படுத்துக்கொள்கிறது. நாக்குக்கு அடியிலேயே உமிழ்நீர் சுரந்து அந்தப் பற்களைக் கழுவிக்கொண்டும் இருக்கிறது. மேல் முன்பற்களுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பால் அங்கே தேங்கி நிற்கும். தூங்கிவிட்டால் உமிழ்நீர் சுரப்பதும் குறைந்துவிடும், விழுங்குவதும் குறைந்துவிடும். மேலே கெட்டு கீழே நல்லபடியாக இருக்கும் வாயைப் பார்த்தாலே இரவுப் பால்தான் என்று பல் டாக்டர்கள் சொல்லிவிடுவார்களாம். என் வீட்டு இரவு எப்படிப் போகிறது என்பது அவன் வாயிலேயே எழுதியிருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

ஒன்பது விரல்கள்

உள்ளே கூப்பிட்டார்கள். மேற்படிப்புப் படிக்கும் டாக்டர், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர் என்று தோன்றியது. மகனை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியை அவன் கையிலேயே கொடுத்துத் தன் பல்லை எண்ணச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். இனிப்பு நிறையக் கொடுப்பீர்களா என்று கேட்பார், அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் சாக்லேட் வாங்குவதே இல்லை. அது உண்மையும்கூட. ஆனால் அவர் கேட்டது வேறு.

"நேத்து மத்தியானம் ஸ்கூல் விட்டு வந்ததுல இருந்து இன்னிக்குக் காலையில பல்லு விளக்குற வரைக்கும் தம்பி வாய்க்குள்ள என்னென்ன போச்சு? தண்ணியத் தவிர ஒண்ணு விடாம சொல்லுங்க அக்கா."

சொல்லச் சொல்ல அவர் விரல் மடக்கினார். மூன்றரை மணிக்குப் பால், நாட்டுச்சர்க்கரை போட்டது. ஒரு விரல். நாலரைக்குத் தாத்தாவோடு கடைக்குப் போய் வந்தபோது பிஸ்கட். அப்புறம் கடலை மிட்டாய், அது சத்து என்று நானே டப்பாவில் போட்டு வைத்திருப்பது. ஆறரைக்குத் தாத்தாவின் டீயில் தோய்த்த ரஸ்க். எட்டு மணிக்குத் தோசை. "தோசைக்குத் தொட்டுக்க என்னங்க?" என்று கேட்டார். நாட்டுச்சர்க்கரை என்றேன். ஐந்தாவது விரல் மடங்கியது. ஒன்பது மணிக்கு இருமல் சிரப். ஒன்பதரைக்குப் பாட்டில் பால், அதைக் குடித்துக்கொண்டே தூங்கிவிடுவான். இரவு இரண்டு மணிக்கு எழுந்து அழுதால் மறுபடி பாட்டில். காலை ஆறரைக்கு எழுந்ததும் பால். ஒன்பது விரல் மடங்கி, ஒரு சுண்டுவிரல் மட்டும் நின்றது. அவர் என்னைத் திட்டவே இல்லை. கையை அப்படியே பிடித்துக்கொண்டு, "இதுல எது எதுல சர்க்கரை இருக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. நான் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்புக்குப் பன்னிரண்டு வருடமாகக் கேள்வித்தாள் தயாரிக்கிறேன். எல்லோரும் சரியாக எழுதும் கேள்வி எதையும் அளக்காது என்று புதிதாக வரும் டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள். பதிலைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கேள்வியைக் கேட்கக் கூடாது என்றும் சொல்வேன். அரை மணி நேரம் முன்பு நான் நிரப்பிய படிவம் அந்த இரண்டு தப்பையும் செய்திருந்தது. 'பாட்டிலோடு தூங்க விடுவது கெடுக்கும்' என்று ஒரு வாக்கியத்தைப் போட்டு ஆமா இல்லையா என்று கேட்டால், படித்தவள் எவளும் ஆம் என்றுதான் டிக் போடுவாள். அந்தக் கேள்வியைப் படித்த நொடியில்தான் எனக்கு அது தெரியவே வந்தது. இனிப்பு கெடுதி என்ற வரிக்கு ஆம் போட்டபோது என் மனதில் இருந்தது சாக்லேட்டும் குச்சி மிட்டாயும்தான். நாட்டுச்சர்க்கரை என் கணக்கில் இனிப்பே இல்லை. அது சத்து. அதே ஆளிடம் நேற்று என்ன நடந்தது என்று கேட்டதும் ஒன்பது விரல் மடங்குகிறது. இந்த ஒரு கேள்வியை அவன் பிறந்த பிறகு யாராவது, எங்கேயாவது, ஒரு தடவை என்னிடம் கேட்டிருந்தால் என்று நினைத்துத்தான் அன்று அங்கே அழுதேன். மகன் கண்ணாடியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

இனிப்புக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள்

எங்கள் வீடு இருப்பது கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில். பழனி பஞ்சாமிர்தத்துக்கே இங்கிருந்துதான் நாட்டுச்சர்க்கரை போகிறது. கரும்பு வெட்டிய நாட்களில் ஆலையில் பாகு காயும் வாசனை வீட்டுக்குள் வரும். இந்த ஊரில் கெட்ட சர்க்கரை என்றால் அது அஸ்கா, வெள்ளைச் சர்க்கரை. நாட்டுச்சர்க்கரை மருந்து மாதிரி. சளிக்குப் பனங்கற்கண்டு, நாக்கில் தடவத் தேன், வயிற்றுக்குக் கருப்பட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நற்பெயர் இருக்கிறது. என் மாமியார் பேரனுக்கு அஸ்காவைக் கண்ணில் காட்டியதில்லை. அதில் அவருக்கு இருந்த கவனத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வாயில் இருக்கும் கிருமிக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. நாட்டுச்சர்க்கரையில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், அஸ்காவில் இருப்பது எதுவோ அதேதான். பனங்கற்கண்டும் அப்படித்தான். தேனில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். அந்தக் கிருமி இவை எல்லாவற்றையும் தின்று அமிலமாக மாற்றுகிறது.

டாக்டர் இதை விளக்கிய விதத்தை நான் வீட்டில் வந்து மாமியாரிடம் வேறு மாதிரி சொன்னேன். பல்லைக் கெடுக்கும் கிருமிகளில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். அது சர்க்கரையைத் தின்று உண்டாக்குவது லாக்டிக் அமிலம். பால் தயிராகும்போது உறைமோரில் இருக்கும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவதும் லாக்டிக் அமிலம்தான். இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் புளிப்பு ஏறும். அமிலத்தை அளக்கும் பிஹெச் என்ற எண் புளிப்பு ஏற ஏற இறங்கும்; அது 5.5-க்குக் கீழே போனால் பல்லின் எனாமலில் இருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைக் கழுவிப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரம் போல ஆகும். கரைந்த சுண்ணாம்பைத் திரும்பப் பல்லில் சேர்ப்பதும் உமிழ்நீர்தான். அதற்கு அவகாசம் வேண்டும். அதனால் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பது பெரிய கணக்கு. ஒரே நேரத்தில் சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்றால் ஒரு அரை மணி நேரம். அதே லட்டைப் பிய்த்துப் பிய்த்து நாள் முழுக்கக் கொடுத்தால் நாள் முழுக்கப் புளிப்பு. இதை நான் உறைமோரை வைத்துச் சொல்லி முடிப்பதற்குள் மாமியார் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்பிடின்னா அம்மிணி, ராத்திரி பூரா அவன் வாயில நாம பாலுக்கு உறை ஊத்தி வெச்சிருக்கறோமா?"

ஆமாங்க அத்தை என்றேன். அன்றிரவு பாட்டிலை அவரே எடுத்துப் பரணில் போட்டார். அடுத்த நாலு இரவுகள் பெரியவன் அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. மாமனார் இரண்டாம் நாளே, "போச்சாது போ, குழந்தை அழுகறான், ஒரு தடவ குடு" என்று எழுந்து வந்தார். மாமியார்தான் வெறும் தண்ணீரை டம்ளரில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் அவன் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கினான். பத்துப் பக்கத் துண்டறிக்கை செய்ய முடியாததை ஒரு உறைமோர் செய்தது. அவர் எட்டாம் வகுப்புவரை படித்தவர். படிவத்தில் 'தாயின் கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம் இருந்தது. பாட்டிக்குக் கட்டமே இல்லை. அப்பாவுக்கும் இல்லை. என் கணவர் அன்று எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு யாரும் படிவம் கொடுக்கவில்லை. வேலைக்குப் போகும் அம்மாக்கள் இருக்கும் வீடுகளில் மாலை நேரத்துப் பாலும் பிஸ்கட்டும் யார் கையால் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பல் கெட்டால் மட்டும் கேள்வி அம்மாவிடம் வருகிறது.

என் ஊர்த் தண்ணீர்

நான் தப்பாக்கிய இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். படிவத்தில் 'ஃப்ளோரைடு பற்களை வலுப்படுத்தும்' என்று இருந்த வரிக்கு ஆம் என்றுதான் போட்டேன், மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் வீட்டில் மகனுக்கு வாங்கி வைத்திருந்தது 'ஃப்ளோரைடு இல்லாதது' என்று பெரிதாக அச்சிட்ட, பழ வாசனை பேஸ்ட். அதைத் தேடித்தான் வாங்கினேன். ஏனென்றால் நான் பிறந்து வளர்ந்தது தர்மபுரி மாவட்டம். என் வகுப்பில் பாதிப் பேருக்குப் பல்லில் காவிக் கோடு இருக்கும். சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் தோழிகளோடு வளர்ந்தவள் நான். எலும்பு வளைந்து முதுகை நிமிர்த்த முடியாத பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். போர்த் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடுதான் காரணம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் அந்தத் தண்ணீர் எங்கள் பக்கம் வந்தபோது என் அம்மா குடத்தைக் கழுவிக் கோலம் போட்டு வைத்துப் பிடித்தார். ஆகவே ஃப்ளோரைடு என்றால் எனக்கு விஷம். அந்த அறிவு பொய்யில்லை. என் ஊரில் அது முழுக்க உண்மை.

தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பது வரம்பு. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பல அதைத் தாண்டியவை. வருடக்கணக்கில், பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், லிட்டர் லிட்டராக உள்ளே போனதால் வந்த வினை அது. பேஸ்ட் கணக்கு வேறு. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு பிரஷ்ஷில் ஒரு அரிசி அளவு போதும் என்கிறார்கள், ஏறக்குறைய 0.1 கிராம். பேஸ்ட்டில் 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு, ஃப்ளோரைடு இருந்தால் அந்த அரிசியில் இருப்பது 0.1 மில்லிகிராம். குழந்தை துப்பாமல் அத்தனையையும் விழுங்கினாலும் அவ்வளவுதான். மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டால் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். நான் மூன்றரை வருடம் போட்டுப் பார்க்கவே இல்லை. தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் உள்ள ஊரில் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும், அது வேறு விஷயம். நான் இருப்பது தர்மபுரி இல்லை. பயத்தை மட்டும் மூட்டை கட்டிக் கூடவே கொண்டுவந்துவிட்டேன்.

பால்பல் விழுந்துவிடும் என்ற பேச்சும் இப்படித்தான். விழும், உண்மைதான். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும். ஆனால் மகனுக்குக் குழி விழுந்திருந்த கடைவாய்ப் பால்பல் பத்து, பதினொரு வயதுவரை இருந்தாக வேண்டிய பல். அதற்குள் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து, கீழிருந்து வரும் பல்லுக்கு இடமில்லாமல் போகும். ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், எதுவும் விழாமலேயே ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. அது நிரந்தரப் பல். அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு இது முப்பத்தைந்து வயதில் தெரிகிறது.

மகனுக்குக் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்து, ஸ்டீல் கேப் போட்டார்கள். முன்பற்கள் நாலுக்கும் ஒரு சொட்டு மருந்தை குச்சியால் தடவினார்கள். சில்வர் டையமின் ஃப்ளோரைடு என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்த மருந்து. ஊசி இல்லை, டிரில் இல்லை, ஒரு நிமிட வேலை. சொத்தை பெரும்பாலும் அதே இடத்தில் நின்றுவிடும். ஆனால் சொத்தை இருந்த இடம் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். டாக்டர் முன்பே படம் காட்டிச் சொல்லித்தான் தடவினார். இருந்தும் வீட்டுக்கு வந்து அவன் சிரித்தபோது மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது கோவிலில், கல்யாண வீட்டில், யாராவது அவன் பல்லைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். "சாக்லேட் ரொம்பக் குடுப்பியாட்ட இருக்குது" என்பார்கள். அவன் நல்லாச் சாப்பிடுகிறான், இராத்திரி தூங்குகிறான். எனக்கு அது போதும்.

வாயைத் திறந்தவர்கள்

ஒரு கேள்வியைத் தப்பாக்கினேன் என்றேனே, அது இதுதான்: குழந்தையை முதலில் எப்போது பல் டாக்டரிடம் காட்ட வேண்டும்? 'வலி வந்தால்' என்று போட்டிருந்தேன். முதல் பிறந்தநாளுக்குள் என்பது சரியான பதில். அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. முதல் பிறந்தநாளுக்குள் நான் அவனை எத்தனை தடவை தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்! பிறந்ததும், ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினாலாம் வாரம், ஒன்பதாம் மாதம். எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள். தாய் சேய் அட்டையில் எல்லாவற்றையும் எழுதினார்கள். அந்தச் செவிலியர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெயிலில் ஊர் ஊராக நடக்கிறவர்கள். ஆனால் ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயதுவரை ஒன்பது தடவை வைட்டமின் ஏ கொடுக்கிறார்கள். வாயைத் திறக்கச் சொல்லி, கரண்டியால் ஊற்றுகிறார்கள். ஒன்பது தடவை திறந்த வாய். அதே விநாடியில் மேல் உதட்டைக் கட்டைவிரலால் தூக்கினால் போதும், ஒரு பைசா செலவில்லை. 2013-இலிருந்து நடக்கும் தேசியச் சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தில் பற்சொத்தையும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும்தான் அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு போகும். என் மகன் தனியார் மழலையர் பள்ளியில் இருந்தான்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2002-03-இல் நாடு முழுவதும் எடுத்த வாய்நலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் பற்சொத்தை இருந்தது. பால்பல்லில் சொத்தை உள்ள குழந்தைகள் உலகத்தில் 51 கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. இத்தனை கோடி அம்மாக்களும் தெரியாதவர்கள் என்று வைத்துக்கொண்டால், சொல்ல வேண்டியவர்கள் எங்கே இருந்தார்கள் என்றும் கேட்க வேண்டும் அல்லவா?

அன்று விரல் மடக்கிய டாக்டர், நாங்கள் கிளம்பும் நேரத்தில், கணவரின் தோளில் இருந்த சின்னவளைப் பார்த்தார். அவளுக்கு அப்போது பதினாலு மாதம். மேலே நாலு, கீழே இரண்டு என்று ஆறு பல். "பாப்பாவக் கொஞ்சம் காட்டுங்க" என்று தன் முழங்காலும் கணவரின் முழங்காலும் ஒட்டும்படி உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மடியில் சாய்த்து, கட்டைவிரலால் மேல் உதட்டைத் தூக்கினார். பஞ்சால் பல்லைத் துடைத்துவிட்டு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஈறை ஒட்டி, நடுப்பற்கள் இரண்டிலும், சாக்பீஸால் இழுத்த மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு. பளபளப்பு இல்லாத வெள்ளை. வெண்மைதானே, நல்லதுதானே என்று நான் நினைத்திருப்பேன். அதுதான் சொத்தையின் முதல் படி. இந்த நிலையில் பிடித்தால் திருப்பிவிடலாம், பழுப்பாகிவிட்டால் முடியாது என்றார். ஃப்ளோரைடு வார்னிஷ் என்ற பூச்சைப் பல்லில் தடவினார். இரவுப் பாட்டிலை நிறுத்துங்கள், பாலில் எதையும் போடாதீர்கள், காலையும் இரவும் அரிசி அளவு பேஸ்ட்டில் நீங்களே தேய்த்துவிடுங்கள் என்றார். ஏழெட்டு வயதுவரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டுமாம். பிள்ளையின் கைக்கு அதுவரை அந்த நிதானம் வராது.

வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய் தேய்க்கும்போது மாமியார்தான் இருவருக்கும் உதட்டைத் தூக்கிப் பார்க்கிறார். வாசல் வெளிச்சத்தில் குழந்தையை மல்லாத்திப் போட்டு, வெற்றிலையில் காம்பு பார்ப்பது மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். மூன்று மாதம் கழித்துக் கல்லூரிக்குப் போனபோது சின்னவளின் கோடு முழுதாகப் போயிருக்கவில்லை. ஆனால் சாக்பீஸ் வெள்ளை குறைந்து, ஓரத்தில் பளபளப்பு வந்திருந்தது.

அதே வாரம் புதன்கிழமை அவளுக்குத் தடுப்பூசி. அங்கன்வாடியில் பத்துப் பதினைந்து பேர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தோம். செவிலியர் வைட்டமின் ஏ ஊற்றி முடித்ததும், "சிஸ்டர், அப்படியே மேல் உதட்டைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்களேன்" என்றேன். ஏன் என்று கேட்காமல் தூக்கினார். "என்னங்க இது, வெள்ளையாக் கோடு மாதிரி?" என்றார். சொன்னேன். அவர் குனிந்து இன்னொரு தடவை பார்த்தார், கையில் கரண்டி அப்படியே இருந்தது. பின்னால் வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, இடுப்பில் இருந்த பேரனைச் செவிலியர் பக்கம் திருப்பினார். "இவனுக்கும் அந்த மாதிரி இருக்குதானு பாரு சாமி. நேத்துதான் பல்லு என்ன வெள்ளைனு சொல்லிட்டிருந்தேன்."